மூன்று மைதானங்களுக்கு நான்கு பேர்

கோல்ஃப் ஆட நான்கு பேர் கிளம்பினால் மூன்று நாளில் மூன்று மைதானங்கள் பார்த்துவிடலாம். நாளொன்றுக்கு ஒருவர் குறைவார். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று பிறகு சொன்னார்கள். எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

என் பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்தெட்டு. கோயம்புத்தூரில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் கோல்ஃப் ஆடுவேன். என்னோடு ஆடுபவர்கள் மூன்று பேர். ஞானதுரை ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், திருநெல்வேலிக்காரன். டாக்டர் சதக்கத்துல்லா கண் மருத்துவர். மூன்றாவது ஆள் கார்வேந்தன், என் மனைவி பூங்கோதையின் தம்பி. எங்களைவிட ரொம்பச் சின்னவன். என் மனைவிதான் அவனைத் தூக்கி வளர்த்தாள். அவனுக்கு ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை.

என் காரில் கிளம்பினோம். பின்னால் நான்கு மட்டைப் பைகள் இருந்தன. நானே ஓட்டினேன்.

முதல் மைதானம் மலைமேல் இருந்தது. மேகங்கள் அதற்குக் கீழே நின்றன. புல்லை ஒரே உயரத்துக்கு வெட்டியிருந்தார்கள். ஒரு இலைகூடக் கீழே கிடக்கவில்லை. அங்கே ஆட ஏழு வருடம் காத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்களுக்கு ஒரே வாரத்தில் அனுமதி வந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அலுவலக ஜன்னலில் செயலாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். அதில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. நால்வரில் நீங்கள் எத்தனையாவது?

நான் ஒன்று என்று எழுதினேன். கொடுக்கும்போது பார்த்தேன். நால்வருமே ஒன்று என்றுதான் எழுதியிருந்தோம்.

அவர் கோபப்படவில்லை. ரப்பரால் அழித்துவிட்டு வேறு எண்கள் போட்டார். யாருக்கு என்ன எண் என்று காட்டவில்லை.

ஏழாவது குழிவரை எல்லாம் நன்றாகப் போனது. கோல்ஃபில் குழி சின்னது. தூரத்திலிருந்து தெரியாது. அதனால் குழியில் ஒரு கொடிக்கம்பு நட்டிருப்பார்கள். கிட்டே வந்து பந்தை உருட்டும்போது ஒருவர் போய்க் கம்பைப் பிடித்துக்கொள்வார். பந்து நெருங்கும்போது உருவிவிடுவார்.

"ஞானதுரை, கொடியப் பிடி. எனக்குக் குழி தெரியல" என்றேன்.

குழி எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆறடி தூரம்தான். ஞானதுரைக்கு ஏதாவது வேலை சொல்வது என் பழக்கம். இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன். அவனும் செய்கிறான்.

அவன் போய்க் கம்பைப் பிடித்தான். நான் பந்தைத் தட்டினேன். அது உருண்டு போனது. அவன் கம்பை இழுத்தான். கம்பு வரவில்லை. பந்து கம்பை ஒட்டிக் குழிக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"வர மாட்டேங்கு" என்றான் ஞானதுரை.

"விட்டுட்டு வா."

அவன் கையை எடுத்தான். உடனே குழி பெரிதானது. உள்ளங்கை அளவு இருந்தது சாப்பாட்டுத் தட்டு அளவானது. அவன் மறுபடி கம்பைப் பிடித்தான். குழி அப்படியே நின்றது. அவன் ஷூவின் முனை விளிம்பைத் தாண்டிக் குழிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவன் மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

செயலாளர் அம்மா புல்லின்மேல் நடந்து வந்தார். அவசரப்படவில்லை.

"பிடித்தவர் விடக் கூடாது. அடுத்த குழு வந்து மாற்றிக்கொள்ளும்" என்றார்.

"அடுத்த குழு எப்ப வரும்?" என்று டாக்டர் கேட்டார்.

"பதிவு செய்திருக்கிறார்கள்."

"எந்தத் தேதிக்கு?"

"தேதியை அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை."

"நாங்க நாலு பேருமா மாத்தி மாத்திப் பிடிக்கிறோம்" என்றான் கார்வேந்தன்.

"நீங்கள் இந்தக் குழியை முடித்துவிட்டீர்கள். முடித்தவர்கள் இங்கே நிற்கக் கூடாது" என்றார் அவர். எங்கள் காலடியைப் பார்த்தார். நாங்கள் நின்ற இடத்தில் புல் லேசாக அமுங்கத் தொடங்கியிருந்தது.

நாங்கள் விலகினோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் விலகினோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஞானதுரையின் தோளில் குடையைக் கட்டினோம். வாய்க்கு எட்டும்படி தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் தொங்கவிட்டோம்.

"போங்கலே. நா நிக்கேன்" என்றான்.

பிறகு என்னை மட்டும் பார்த்துக் கேட்டான். "சென்னி, உனக்கு நெசமாவே குழி தெரியலையா?"

"தெரியல" என்றேன்.

"சரி" என்றான்.

மிச்சமிருந்த பதினோரு குழிகளையும் ஆடி முடித்தோம். பாதியில் நிறுத்த அனுமதி இல்லை. ஒவ்வொரு மேட்டில் ஏறும்போதும் திரும்பிப் பார்த்தேன். குடை தெரிந்தது. கடைசி மேட்டில் குடை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

மலை இறங்கும்போது ஞானதுரையின் மகள் பிளெஸ்ஸி அழைத்தாள்.

"அங்கிள், அப்பா ஃபோன் எடுக்கல."

"கை வேலையா இருக்காரும்மா."

"எப்ப ஃப்ரீ ஆவாங்க?"

"அடுத்த குழு வந்ததும்."

அவள் சரி என்று வைத்துவிட்டாள். நான் பொய் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இரண்டாவது மைதானத்துக்கும் போனோம், வேண்டாம் என்று முதலில் சொல்ல யாரும் துணியவில்லை. அது கடற்கரையில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்குத் தோப்பு. நடுவில் புல். கடலில் அலை இல்லை. டாக்டர் அதைக் கவனித்தார். அலையைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கொடிக்கம்பை யாரும் தொடவில்லை. மூன்று குழிகளைத் தாண்டினோம். நான்காவதில் டாக்டர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து சவுக்குத் தோப்புக்குள் போனது.

ஒரு மரத்தின் பின்னாலிருந்து நடுவர் வந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் தொங்கியது.

"பந்து தேட மூன்று நிமிடம். அதற்கு மேல் தொலைந்ததாகக் கணக்கு" என்றார். கடிகாரத்தை அழுத்தினார்.

அந்த விதி எங்களுக்குத் தெரியும். எல்லா மைதானங்களிலும் உள்ள விதிதான். டாக்டர் தோப்புக்குள் போனார். நானும் கார்வேந்தனும் வெளியே நின்றோம். உதவிக்குப் போயிருக்கலாம். தோப்புக்குள் மரங்கள் மிக நெருக்கமாக இருந்தன. அவர் நுழைந்தபோது அப்படி இல்லை.

கடிகாரம் நின்றது.

நான்கு விநாடி கழித்து டாக்டர் வெளியே வந்தார். கையில் பந்து இருந்தது. சட்டையெல்லாம் சவுக்கு ஊசிகள்.

"கிடைச்சிருச்சு" என்றார்.

நடுவர் அவரைப் பார்க்கவில்லை. ஒரு படிவத்தை எடுத்து எங்களிடம் திரும்பினார்.

"தொலைந்தவர் பெயர்?"

"பந்துதானே தொலைஞ்சது? பந்தும் கிடைச்சிருச்சே" என்றேன்.

"மூன்று நிமிடத்துக்குப் பிறகு கிடைப்பது கிடைத்ததாகாது. தேடப் போனவருக்கும் அதுதான். பெயர்?"

நான் பெயரைச் சொல்லவில்லை. அவர் படிவத்தைப் பார்த்தார். பெயர் ஏற்கனவே எழுதியிருந்தது.

"அவரைக் கடைசியாகப் பார்த்தது யார்?"

"இப்பவும் பாத்துட்டுத்தானுங்க இருக்கேன்."

"கடைசியாக என்று கேட்டேன்."

டாக்டர் சிரித்தார். அவர் நோயாளிகளிடம் சிரிக்கும் சிரிப்பு அது. "இதென்ன வேடிக்கை? சென்னியப்பன், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இங்கதான் நிக்கிறேன்னு சொல்லுங்க."

"சொல்லலாம்" என்றார் நடுவர் என்னிடம். "யார் சொன்னாலும் அவரும் தேடியவராகிவிடுவார். அவருக்கும் நேரம் முடிந்துவிட்டது."

நான் வாயைத் திறந்தேன். தோப்பைப் பார்த்தேன். இப்போது மரங்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை. ஒரு சுவர் போல நின்றது. அதற்குள்ளிருந்து யாரோ மெதுவாகப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. பலர் கூப்பிட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

கார்வேந்தன் ஏதோ சொல்ல வந்தான். நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன்.

நடுவர் விசில் ஊதினார். அலுவலகக் கட்டிடத்திலிருந்து ஒருவர் நடந்து வந்தார். டாக்டரின் தொப்பி, டாக்டரின் மீசை. ஒரு அங்குலம் உயரம் அதிகம். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவே இல்லை.

"நான் தற்காலிகம். சதக்கத்துல்லா" என்று எங்களுக்குக் கை கொடுத்தார். கை சரியான சூட்டில் இருந்தது.

"முதல் பந்து தொலைந்தால் தற்காலிகப் பந்தே பந்து. விதி" என்றார் நடுவர்.

அதுவும் எல்லா மைதானங்களிலும் உள்ள விதிதான்.

தற்காலிக டாக்டர் நன்றாக ஆடினார். எங்கள் டாக்டர் பக்கத்திலேயே நடந்து வந்தார். முதலில் கோபமாகப் பேசினார். பிறகு நியாயம் பேசினார். பதினான்காவது குழியில் நிறுத்திவிட்டார். கார்வரை வந்தார். அவருடைய இருக்கையில் தற்காலிக டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஞானதுரை உட்கார்ந்திருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அதில் ஏறுங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் நானும் தேடியவனாகிவிடுவேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து அவர் என் கண்ணைப் பார்த்தார். இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு இடது கண்ணில புரை ஆரம்பிச்சிருக்கு. ஊருக்குப் போனதும் காட்டிருங்க" என்றார்.

நான் வண்டியை எடுத்தேன்.

பாதி வழியில் ஃபோன் அடித்தது. தற்காலிக டாக்டரின் சட்டைப் பையில் அடித்தது. டாக்டரின் மனைவிதான். ஸ்பீக்கரில் பேசினார்.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். நீ?"

"குரல் நல்லாருக்கே. சளி போயிருச்சா?"

"போயிருச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர் மனைவி. ரொம்ப நேரம் சந்தோஷமாகப் பேசினார்கள்.

மூன்றாம் நாள் காலை கார்வேந்தன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். இரவு அவன் தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"மாமா, வீட்டுக்குப் போயிடலாம்."

"நானும் அதைத்தான் நெனச்சேன்."

மூன்றாவது மைதானத்துக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"ரத்து செய்யலாம். நான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்" என்றார்.

"ஒருத்தர் கை வேலையா இருக்கார். இன்னொருத்தர் தொலைஞ்சுட்டார்."

"தற்காலிகமானவர் இருக்கிறாரே?"

"இருக்கார்."

"அவர் போட்டால் ரத்தும் தற்காலிகம்தான்."

"ரத்து செய்யாம வீட்டுக்குப் போனா என்னாகும்?"

"தாராளமாகப் போகலாம். வீடு இருக்குமா என்று எங்களால் சொல்ல முடியாது."

நான் ஃபோனை வைத்தேன். கார்வேந்தன் என்னைப் பார்த்தான். அவன் பின்கழுத்து வேர்த்திருந்தது. அவனுக்கு நான்கு வயதிருக்கும்போது என் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு என் மடியில் உட்கார்ந்திருந்தான். அன்றும் இப்படித்தான் பின்கழுத்து வேர்த்திருந்தது.

"ஆடிட்டே போயிடலாம், மாப்ளே. கவனமா ஆடுவோம்" என்றேன்.

மூன்றாவது மைதானம் ஊருக்குப் போகும் வழியில்தான் இருந்தது. வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம். சமதளம். மரம் இல்லை, தண்ணீர் இல்லை, கொடியும் இல்லை. சுற்றிலும் வெள்ளைக் குச்சிகள் மட்டும் நட்டிருந்தன. வெள்ளைக் குச்சி என்றால் எல்லை. அதற்கு வெளியே போன பந்து ஆட்டத்தில் இல்லை.

பந்து வெளியே போகாமல் அடித்தால் போதும் என்று நினைத்தோம். நேராகவும் மெதுவாகவும் அடித்தோம். மூன்று பேரின் பந்துகளும் உள்ளேயே விழுந்தன.

ஐந்தாவது குழியில் கார்வேந்தன் நின்றான்.

"மாமா, குச்சி கிட்ட வந்திருக்கு."

பார்த்தேன். தலையில் துண்டு கட்டிய ஐந்து பெண்கள் குச்சிகளைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி குச்சியைப் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி சுத்தியால் அடிப்பாள். நாற்று நடுபவர்களின் வேகம் அவர்களுக்கு.

"ஏனுங்கம்மா, எதுக்கு உள்ள தள்றீங்க?" என்று கேட்டேன்.

"அளவு அப்படி வந்திருக்குங்க."

"எவ்வளவு தூரத்துக்குத் தள்ளுவீங்க?"

அந்த அம்மா இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "ஒரு ஆளு நிக்கிற அளவுக்குங்க" என்றார்.

நாங்கள் குச்சிகள் தூரமாக இருந்த பக்கம் ஓடினோம். எந்தப் பக்கம் ஓடினாலும் புல்பாதை நீண்டுகொண்டே போனது. குச்சிகள் மட்டும் பின்னாலும் பக்கத்திலும் நெருங்கி வந்தன. மைதானம் ஒரு வீட்டு மனை அளவானது. பிறகு ஒரு அறை அளவானது. பெண்கள் எங்களைச் சுற்றிவந்து வேலை செய்தார்கள். நடுவில் ஒருமுறை உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். மறுபடி எழுந்தார்கள்.

அறை ஒரு கட்டில் அளவானபோது தற்காலிக டாக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் தற்காலிகம்தானே" என்றார். குச்சியைத் தாண்டி வெளியே போனார். அங்கே நின்று எங்களிடம் ஏதோ பேசினார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு திரும்பி நடந்தார். ரொம்ப தூரம் நடந்தும் அவர் சிறிதாகவில்லை. பிறகு சட்டென்று இல்லை.

நானும் கார்வேந்தனும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றோம். அவன் இதயம் என் முதுகில் அடித்தது. சுத்தி அடிக்கும் சத்தமும் அதுவும் கலந்து கேட்டன.

"மாமா, நான் போறேன்" என்றான்.

"பேசாம நில்லு."

"அக்காகிட்ட நீங்க சொல்லிக்குங்க."

பூங்கோதையிடம் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். மேட்டில் சாய்ந்த குடையைத் தாங்கிக்கொண்டேன். கண்ணாடியில் குனிந்த முகத்தையும் தாங்கிக்கொண்டேன். வீட்டு வாசலில் அவளுடைய முகத்தைத் தாங்க முடியாது. இது தைரியமில்லை. இன்னொரு பயம். அது முதல் பயத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தது, அவ்வளவுதான்.

"கொழந்தைக்குப் பேரு வைடா" என்றேன். குச்சிக்கு வெளியே காலெடுத்து வைத்தேன்.

சத்தம் நின்றுபோனது. சுத்தியல் மேலும் கீழும் போனது. ஓசை இல்லை. கார்வேந்தன் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. ஓசை இல்லை.

பெண்கள் குச்சிகளையெல்லாம் பிடுங்கிக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். வேலை முடிந்துவிட்டது. குச்சி இல்லாவிட்டாலும் எல்லை இருந்தது. உள்ளே போக முயன்றேன். நான் ஒரு அடி வைத்தால் கார்வேந்தன் ஒரு அடி தள்ளிப் போனான். அவன் அசையவில்லை.

பிறகு நான் வந்தேன்.

அலுவலகப் பக்கமிருந்து நிதானமாக நடந்து வந்தேன். என் சட்டை, என் கைக்கடிகாரம். ஒரு அங்குலம் உயரம் அதிகம். கார்வேந்தனின் தோளில் கை போட்டேன். என் காரின் கதவை அவனுக்காகத் திறந்துவிட்டேன். நான் யாருக்கும் கதவு திறந்துவிட்டதில்லை.

கார்வேந்தன் ஏறுவதற்கு முன் நின்றான். எங்கள் இருவரையும் பார்த்தான். அவன் உதடு மாமா என்று அசைந்தது. எங்களில் யாரைக் கூப்பிட்டான் என்று தெரியவில்லை. பிறகு ஏறிக்கொண்டான்.

அவன் ஏறியதில் எனக்கு நிம்மதி. கார் போனது. நான் புல்லில் உட்கார்ந்தேன்.

வெயில் நகரவில்லை. என் கைக்கடிகாரம் மட்டும் ஓடியது. இரண்டு மணி நேரம் ஓடியது. பிறகு இன்னும் அரைமணி. நான் எழுந்து மைதானத்தின் வாசலைப் பார்த்து நடந்தேன். வாசல் தெளிவாகத் தெரிந்தது. கிட்டே வரவில்லை. செல்ஃபோனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. வீட்டு லேண்ட்லைனுக்கு அழைத்தேன்.

இரண்டாவது மணியில் பூங்கோதை எடுத்தாள்.

"ஹலோ."

"பூங்கோதை, நான்தான்."

மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் எங்கோ தண்ணீர் கொட்டும் சத்தம்.

"தெரியும்" என்றாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள். "வந்திருக்கிறது நீங்க இல்லைன்னு தெரியும். குளிக்கப் போயிருக்கார். பாத்ரூம் கதவ வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டேன்."

டாக்டரின் மனைவிக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்திருந்தது. முப்பத்தொரு வருடம். அதற்குள் நான் அவளை எத்தனை முறை நிமிர்ந்து பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"செருப்ப ஓரமா கழட்டி வெச்சாரு. அதக்கூட விடுங்க. உள்ள வந்ததும் என் மூஞ்சியப் பாத்து, நீ எப்படி இருக்கேன்னு கேட்டாரு."

"சரி."

"நீங்க ஒருநாளும் கேட்டதில்ல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அடையாளம் சொன்னாள்.

"கார்வேந்தன் எங்கே?"

"வாசல்லயே எறங்கி அவன் வீட்டுக்குப் போயிட்டான். என்ன நிமிந்தே பாக்கல. ஏனுங்க, என்ன நடந்துச்சு? நீங்க எங்க இருக்கீங்க?"

"வந்துட்டிருக்கேன்."

"எவ்வளவு தூரம்?"

வாசலைப் பார்த்தேன். நான் பார்த்தபோதே புல்பாதை இன்னொரு நூறு கஜம் நீண்டது.

"கொஞ்ச தூரம்தான்" என்றேன். ஓடத் தொடங்கினேன்.

ஃபோனில் தண்ணீர் சத்தம் நின்றது.

"தண்ணிய நிறுத்திட்டார்" என்றாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. முரட்டுத்தனமில்லை. அவசரமில்லை. அதன் பிறகு என் குரல் கேட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் எதிரொலியோடு.

"பூங்கோதை, தாழ்ப்பாள் விழுந்திருச்சு போல. பரவால்ல, மெதுவா வா. உன் முட்டிவலி எப்படி இருக்கு?"

அவளுக்கு முட்டிவலி இருப்பது எனக்குத் தெரியாது.

"தொறக்காதே" என்றேன்.

"தொறக்கல."

"பேசாதே."

"பேசல." பிறகு சொன்னாள். "நல்லாத்தான் பேசறார்."

ஓடினேன். மூச்சு இரைத்தது. புல் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. வாசல் அங்கேயே நின்றது. என்னிடம் அந்த ஒரு கோடு சிக்னலைத் தவிர வேறொன்றும் இல்லை. அவளை அந்தக் கதவிடமிருந்து இழுத்துப் பிடிக்க ஏதாவது சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் சொல்லாத எதையாவது சொல்ல வேண்டும். நான் யோசிக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

"பூங்கோதை, நீ எப்படிம்மா இருக்கே?"

மறுமுனையில் எதுவும் கேட்கவில்லை. அவள் மூச்சுகூடக் கேட்கவில்லை.

"பூங்கோதை?"

"இப்ப யாரு பேசறது?" என்று கேட்டாள்.

"நான்தான்."

ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அவள் வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறாள். இப்போதுதான் அதைக் கேட்கிறேன். ஆறு அடி. ஏழு. நின்றாள்.

நான் ஓடிக்கொண்டே கத்தினேன். தாழ்ப்பாள் விலகியது.